என் கழுத்தில் இல்லாத சங்கிலி

பிளக்ஸ் கடையில் வேலை செய்கிறவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய உடம்பு அத்துப்படி. தப்பாக நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் போனில் தன் படத்தை அனுப்புவார். அதில் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பை நாங்கள் போடுவோம். வெள்ளைச் சட்டை போட்ட உடம்புகள் ஒரு இருபது எங்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். கும்பிடுகிற உடம்பு, கை கட்டிய உடம்பு, போன் பேசுகிற உடம்பு. லுங்கியோடு செல்ஃபி எடுத்து அனுப்பியவனின் தலையை வெட்டி அதில் ஒன்றின்மேல் உட்கார வைத்து, கழுத்தோரத்தில் நிறத்தைச் சரிசெய்தால் ஆள் பிரமுகர் ஆகிவிடுவார். திருமங்கலத்தில் பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. கேட்டு வருகிறவர்களுக்குத்தான் செய்கிறேன்.

நான் கேட்காமலே எனக்கும் ஒருநாள் அப்படி ஒரு உடம்பு கிடைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாலு பேர் நாங்கள். ஒருவன் இப்போது நாலுவழிச் சாலையை ஒட்டி பிளாட் போட்டு விற்கிறான். இன்னொருவனுக்கு உசிலம்பட்டியில் டைல்ஸ் கடை. மூன்றாமவனுக்கு அரசாங்க வேலை. மூன்று பேர் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது. என்னிடம் இருப்பது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும் ஒரு பழைய பைக். படிக்கிற காலத்தில் நாலு பேரில் நான்தான் அதிக மார்க் வாங்கினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். முதலில் ஓட்டலில் பில் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கொடைக்கானல் போய் வந்தபோது என் பங்கைக் கேட்கவில்லை. அப்புறம் யார் வீட்டு விசேஷத்துக்காவது ஆளுக்கு இவ்வளவு என்று பேச்சு வந்தால், என் முறை வருவதற்கு முன்பே யாராவது ஒருவன் "அவன விட்ருங்கடா" என்று சொல்லிவிடுவான். ஐந்நூறு தருகிறேன் என்று நான் நீட்டினால், வைத்துக்கொள், பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்பார்கள். ஆறு வருடமாக யாரும் என்னிடம் பங்கு கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒருவனை வெளியே நிறுத்துகிற வழிதான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் ஓசியில் தின்ற வாயால் அதை எப்படிச் சொல்வது?

டைல்ஸ் கடைக்காரன் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் காதணி விழா வைத்தான். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் மண்டப வாசலில் நண்பர்கள் சார்பில் ஒரு பிளக்ஸ் நின்றாக வேண்டும். பங்கு போட்டவர்களின் முகம் அதில் இருக்கும். இந்த முறை நான் விடுவதாக இல்லை. பணமாக வாங்க மாட்டீர்கள் என்றால் வேலையாக வாங்கிக்கொள்ளுங்கள், டிசைன் நான் செய்கிறேன், அதுதான் என் பங்கு என்று பிளாட் நண்பனிடம் கறாராகச் சொன்னேன். அவனும் தலையாட்டினான். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தேன். நாலு பேரையும் ஒரே அளவில் வைத்தேன். மற்ற மூவரும் வெள்ளைச் சட்டைப் படம் அனுப்பியிருந்தார்கள். எனக்கு என் சொந்த உடம்பையே போட்டுக்கொண்டேன். நீலக் கட்டம் போட்ட சட்டையில் என் மகள் எடுத்த படம். அதில் நான் கொஞ்சம் சிரித்தபடி இருப்பேன். பெரிய பிரிண்ட் மதுரையில்தான் போட வேண்டும் என்பதால் டிசைனை அவனுக்கு அனுப்பிவைத்தேன்.

விழாவன்று மனைவியோடு பஸ்ஸில் போய் உசிலம்பட்டியில் இறங்கினேன். மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. மண்டப வாசலில் சவுக்குக் கம்பு கட்டி பிளக்ஸைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகளின் படம், எழுத்து, ஓரத்து மயில் எல்லாம் நான் வைத்த இடத்தில்தான் இருந்தன. நான் மட்டும் மாறியிருந்தேன். கட்டம் போட்ட சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்திருந்தது. கையில் பெரிய வாட்ச். கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி ஒன்று சட்டைக்கு வெளியே கிடந்து மினுங்கியது. அந்த உடம்பை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கடையிலும் இருக்கிற உடம்பு அது. நானே அதன்மேல் எத்தனையோ தலைகளை ஒட்டியிருக்கிறேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. கழுத்தோரத்தில் நிறம் சேரவில்லை, தொழில் தெரியாத பயல் எவனோ செய்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன். மகளின் காலேஜ் பீஸுக்காக அவளுடைய தாலிச் செயினை அடகு வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் கயிற்றில்தான் தாலியைக் கோத்துப் போட்டிருந்தாள். அண்ணாந்து பிளக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எம்புட்டுப் பவுன் இருக்கும்?" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, கயிறு தெரியாமல் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். மேலே நான் பவுன் போட்டுக்கொண்டு நிற்கிறேன், கீழே என் பெண்டாட்டி கழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பிளாட் நண்பன் எங்களைப் பார்த்ததும் வாய் நிறைய சிரிப்போடு வந்தான். நாலு பேரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தான்தான் மாற்றச் சொன்னதாகச் சொன்னான். எனக்கு நன்றி சொல்லக்கூட வாய்ப்பு வைக்காமல், இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோளில் தட்டினான்.

"முன்னாடி இருந்ததுல என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை என்றான். பார்க்கிற நாலு பேர் ஏதாவது நினைப்பார்கள், நம்ம கூட்டாளியை நாமே விட்டுக்கொடுத்தால் எப்படி என்று இழுத்தான். அவன் மனதாரத்தான் சொன்னான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"எம் மூஞ்சி ஒங்க பக்கத்துல இருக்கலாம், நான் இருக்கக் கூடாது. அதான மாப்ள? எம் பொண்டாட்டி கழுத்துல என்ன கெடக்குன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்குச் சங்கிலி போட்டு விட்ருக்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றான். நான் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டு, மனைவியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.

பிளக்ஸில் பெயரோ படமோ தப்பாகிவிட்டால் முழுவதையும் மறுபடி அடிக்க மாட்டோம். தப்பான இடத்தின் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடுவோம். அளவு எனக்குத் தெரியும், வைத்தவனே நான்தானே. என் டிசைன் போனில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் அடிக்கிற கடை வைத்திருக்கும் அண்ணன் எனக்குத் தொழிலில் பழக்கம். என்ன தப்பு என்று கேட்டார். ஆள் மாறிப்போச்சுண்ணே என்றேன். சட்டைப் பையில் இருந்ததில் பாதியைக் கொடுத்து, நீலக் கட்டம் போட்ட என்னைச் சுருட்டிக் கையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சீரியல் லைட் கட்ட வந்தவர்களின் ஏணி சும்மா கிடந்தது. எடுத்துச் சாய்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் தாய்மாமன் சீர் வர வேண்டுமா? கிடாய், தாம்பாளங்கள், மேளம், வேட்டு என்று தெருவை அடைத்துக்கொண்டு வந்த கூட்டம் வாசலில் நின்று என்னை வேடிக்கை பார்த்தது. யாரோ ஒருவர் போனில் படம்கூட எடுத்தார். எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. ஒரு ஓரத்திலிருந்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன். வாட்ச் மறைந்தது, சங்கிலி மறைந்தது.

"எடப்பக்கம் தூக்கியிருக்கு. நல்லா அமுக்குங்க" என்றாள் மனைவி கீழேயிருந்து.

இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்ததில் அவள் தலைப்பு விலகியிருந்தது. அதை அவள் திரும்ப இழுத்து மூடவில்லை. டைல்ஸ் கடைக்காரன் மைத்துனர்களை வரவேற்க வெளியே வந்தவன், என்னையும் பிளக்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விழுந்து தொலைக்காமல் இறங்கி வா என்று மட்டும் சொன்னான். இறங்கினேன். இருவரும் பந்தியில் உட்கார்ந்தோம். கறிக்குழம்பு அருமையாக இருந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

பிளாட் நண்பன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஊர் நடுவில் அவமானப்படுத்திவிட்டேன் என்று மற்ற இருவரிடமும் சொல்லியிருக்கிறான். உண்மைதான், படுத்தினேன். கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்று அரசாங்க வேலைக்காரன் என்னிடம் கேட்டான். ஆறு வருடம் பொறுத்தேன், இனி முடியாது என்றேன். ஆனால் பிளாட் நண்பன் பேசாமல் இருந்தது எனக்கு வலித்தது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? இருபத்தைந்து வருடப் பழக்கம். தினமும் காலையில் ஒருதடவை போனை எடுத்துப் பார்ப்பேன். நானாகக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அரசாங்க வேலைக்காரன் புது வீட்டில் பால் காய்ச்சுகிறான், எல்லாரும் சேர்ந்து ஒரு பீரோ வாங்கிக் கொடுக்கலாம் என்று பேச்சு, விலை இவ்வளவு என்று மடமடவென்று சொன்னான். நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ எம்புட்டு போடுவ?" என்றான். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

ஐந்நூறு என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பி விடு. சும்மா இழுத்தடிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சாயங்காலம் வரை எவன் காத்திருப்பான்? அந்த நிமிடமே அனுப்பினேன்.