கொண்டை போட்ட ராஜா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பென்ஷன் வாங்கிய பிறகு, ரோமாபுரி நாணயங்களைச் சேர்த்து வந்தேன். என் பெட்டியில் சக்கரவர்த்திகள் இருபது பேர் இருந்தார்கள். மகாராணி ஒருத்திகூட இல்லை. கோபாலபுரத்து நண்பர் சேர்க்கத் தொடங்கி ஆறு மாதம்தான். சைதாப்பேட்டைச் சந்தையில் பழைய பாத்திரம் விற்பவனிடம் அவருக்கு ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. அதில் இருந்தது மகாராணியின் முகம். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்கோ அது மகாராணி என்று தெரியவில்லை. "என்ன ஓய், இந்த ராஜாவுக்குத் தாடியே இல்லை. உம்மகிட்ட இருக்கற தாடிக்காரன் ஒருத்தனைக் கொடுத்துட்டு இவனை எடுத்துக்கறீரா?"

நான் எதையும் விளக்கவில்லை. கலெக்டர் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். எந்தப் பண்டமாற்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 'ராஜா தலை, தாடியற்றது' என்று விவரம் சேர்த்து, அவர் வீட்டிலேயே மாற்றுச் சீட்டை இரண்டு பிரதி எழுதினேன். அவர் கையெழுத்துப் போடப் போகும்போது, காபி கொண்டுவந்த அவர் மனைவி காசை எட்டிப் பார்த்தார்.

"ஏன்னா, எந்த ராஜா பின்னிக் கொண்டை போட்டுண்டான்? இது பொம்மனாட்டி."

நண்பர் பேனாவை மூடினார். "நீர் சொல்லவே இல்லையே ஓய்?"

"இப்பதான் கவனிச்சேன்" என்றேன்.

"காகிதத்தை வீணாக்குவானேன்? பின்பக்கம் 'மகாராணி'ன்னு எழுதிக் கொடும். உம்ம எழுத்து அழகா இருக்கும்."

எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டின் மேல்தான் அவள் இன்றும் அவர் பெட்டியில் இருக்கிறாள். இன்னொரு பிரதி என் பெட்டியில், அவளுக்கென்று ஒதுக்கிய குழியில் கிடக்கிறது.