பத்தாவது கோட்டில் புள்ளி வைத்த கிட்டார்

எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ஒரு கிட்டாருக்காக இந்தப் பொம்பளை இப்படி அடித்துக்கொள்கிறாளே என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கைலாசபுரத்தில் ஃபேக்டரி வேலை. லீவு நாளில் கல்யாணக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். அவருடைய கிட்டார் வெளிநாட்டில் ஏதோ சின்னப் பட்டறையில் கையால் செய்த பழசு. பெங்களூர் வாத்தியக்காரர் ஒருவரிடம் வாங்கினார். மற்ற கிட்டார்களின் கழுத்தில் குறுக்கே பதித்த கோடுகளில் ஒன்பதாவதன் அருகே இருக்கும் வெள்ளைப் புள்ளி, இதில் பத்தாவதில் இருக்கும். வால்யூம் குமிழை இடப்பக்கம் திருப்பினால்தான் சத்தம் ஏறும்.

"உன்னை மாதிரியேடி, எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம்" என்று சீண்டுவார்.

"நேர்ப்பக்கம் திருப்பினா மட்டும் நீங்க கேட்டுடப் போறீங்களாக்கும்" என்பேன்.

ஆயுத பூஜைக்கு அதன் தலையில் நான்தான் சந்தனம் வைப்பேன். வைத்து வைத்து மரமே மஞ்சளாகிவிட்டது.

அவர் மாரடைப்பில் போனபோது, கிட்டார், அவர் வாசித்த கச்சேரி ட்ரூப்பை நடத்துகிறவரின் பாலக்கரை வீட்டில் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து போய்க் கேட்டேன். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்ட மனுஷர்.

"அது ட்ரூப்புக்கு நான் வாங்கினது தங்கச்சி. அவன் வாசிச்சான், அவ்வளவுதான்."

விட மனசில்லை. அவர் கை பட்ட பொருள் வேறென்ன இருக்கிறது எனக்கு? பெருமாளைச் சேவித்துவிட்டு மறுபடி போனேன். அன்றைக்குப் பழைய கிட்டார் வாங்குகிற ஒருவர் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கிட்டார் அவர் மடியில். அசலா நகலா என்று போனில் படங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் மனிதர் முன்னால் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"சார், கையில வாங்காமலே அடையாளம் சொல்றேன். பத்தாவதுல புள்ளி. வால்யூம் எதிர்ப்பக்கம் சுத்தும். பின்னாடி தகட்டைக் கழட்டுங்க, உள்ள பென்சில்ல வரைஞ்ச ஒரு மீன் இருக்கும்."

கழற்றினார். மீன் இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் பட்டறையில மட்டும்தான் இப்படிச் செய்வாங்க! இனி சந்தேகமே இல்லை. ரொம்ப தேங்க்ஸ்ம்மா."

"அசல்னு சொல்ல வரலை சார். எங்களோடதுன்னு சொல்றேன்."

"அது நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியது."

தலையிலிருந்த மஞ்சளைக் காட்டினேன். "இது நான் வெச்ச சந்தனம் அண்ணே. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

ட்ரூப்காரர் சிரித்தார். "ஆயுத பூஜைக்கு நாங்க ட்ரம்ஸுக்கும்தான் பொட்டு வெச்சோம். அதுவும் உன்னோடதா தங்கச்சி?"

வந்தவர் அந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது ஒண்ணுதான் குறை. பாலிஷ் போட்டா போயிடும்."

பெட்டியில் வைத்து மூடி என் கண்ணெதிரே எடுத்துப் போனார். அடையாளம் சொல்லி நானே விற்றுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை பெருமாள் பேர் என் வாயில் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நான் மண்ணை வாரித் தூற்றினேன் என்று சேர்க்காதீர்கள், தூற்றவில்லை. பெருமாள் எப்படியோ அதைத் திருப்பித் தந்தார் என்றும் முடிக்காதீர்கள். தரவில்லை. இன்றைக்கும் அந்தப் பெருமாளுக்குத்தான் விளக்கேற்றுகிறேன், அதையும் விடாமல் சொல்லுங்கள்.