உறைந்த மால்பெக்

அந்தத் திங்கட்கிழமை காலை கிட்டங்கியின் பெரிய கதவடியில் நின்றவர்கள் நான்கு பேர்: மேற்பார்வையாளர், என்னோடு வேலைசெய்த மன்னார் அண்ணை, நாங்கள் மலைக்காரர் என்று அழைத்த ஆர்ஜென்டீனா நாட்டவர், நான். எங்கள் நடுவில் வைன் பெட்டிகள் அடுக்கிய ஒரு மரத்தட்டு, பலெற். மேற்பார்வையாளர் மேல் பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்தார். போத்தல்களின் தக்கைகள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. உள்ளே கருஞ்சிவப்பாய் உறைந்த கட்டி. "இதை இங்கே வைத்தது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

வைத்தது நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மொன்றியல் துறைமுகத்தில் இறங்கும் வைனைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம். ஊரிலிருந்த மனைவியை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு அழைக்க வேலைக் கடிதம் வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் சோற்றோடு சோறாய் உள்ளே போகும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தனி அறை. கதவைப் பூட்டினேனா என்று பார்க்க, பஸ் தரிப்பிலிருந்து இரண்டு தரம் திரும்பிப் போகிற ஆள் நான்.

மலைக்காரருக்கும் யாருமில்லை, மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. தன் நாட்டு மெண்டோசாப் பக்கத்து மால்பெக் வைன் வந்து இறங்கினால் மட்டும் வாய் திறப்பார். ஆண்டிஸ் மலையடியில், ஆயிரம் மீற்றருக்கும் மேலே அவருடைய ஊர். மழை அருமை, மலைப்பனி உருகிய தண்ணீரை வாய்க்காலில் விட்டுத்தான் திராட்சைக் கொடி வளர்ப்பார்கள். பகல் வெயிலில் பழத்தின் தோல் தடித்துக் கறுக்கும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும் என்பார். அந்தக் கொடி பிரான்சிலிருந்து போனது என்று அவர் சொன்ன அன்று மன்னார் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப முந்திரிகைக் கொடியும் எங்களைப் போல அகதிக் கேஸ் எழுதிப் போனதுதான். அதுக்கு வதிவிடக் கார்ட் கிடைச்சிட்டுது, எனக்குத்தான் இன்னும் இழுபடுது."

வெப்பம்தான் போத்தலுக்கு எதிரி என்றும் மலைக்காரர் அடிக்கடி சொல்வார். அது என் தலையில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் பார்த்தால், ஹீற்றரின் சூடு நேரே ஒரு பலெற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மனம் கேட்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவோரத்தில் வைத்தேன். யாழ்ப்பாணத்தில் எதையும் பழுதாக்குவது வெக்கைதான். சாராயம் உறைந்ததை அங்கே யார் கண்டது? சனியும் ஞாயிறும் கதவு இடுக்கால் தை மாதக் குளிர் உள்ளே இறங்கியிருக்கிறது.

மேற்பார்வையாளர் இரண்டாம் முறை கேட்டார். பக்கத்தில் மன்னார் அண்ணை மெல்லச் சொன்னார்: "வாயைத் திறந்தியோ, மனிசி ஊரிலதான் கிடப்பா." அப்போது மலைக்காரர், என்னைப் பார்க்காமலே, "நான்தான்" என்றார்.

மதியத்துக்குள் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் உடுப்பு மாற்றும் இடத்துக்குப் பின்னாலேயே போனேன். 'மெர்ஸி', நன்றி என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "உறைபனி விழுகிற இரவுகளில் எங்கள் ஆட்கள் கொடிகளுக்கு நடுவே நெருப்பு மூட்டிக்கொண்டு விழித்திருப்பார்கள். உனக்கு வெப்பத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன். குளிரைப் பற்றிச் சொல்லவில்லை."

வேலைக் கடிதம் கிடைத்தது. மனைவி வந்தாள். நான் அழைத்தபோது மலைக்காரரின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூண்டு வருசமா இதையோ நெஞ்சுக்க வைச்சிருந்தனீங்கள்? போய்ச் சொல்லுங்கோ. வேலை போனால் போகட்டும்" என்றாள்.

பிரெஞ்சு வசனங்களைப் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் கோப்பியை ஊதியபடி நான் சொன்னதைக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தப் பலெற்?"

வேலை போகவில்லை. வெளியே கொள்கலன் வந்து நிற்கிறது, கதவைத் திற என்றார்.