கோணல் ட்ரைவ்

பகலெல்லாம் போன் கம்பெனி லைனில் நின்று புத்தம்புது போன்களை டெஸ்ட் பண்ணுகிறேன். லீவு நாளில் சுங்குவார்சத்திரம் ரூமில் உட்கார்ந்து அந்தக்கால கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் படிக்கும் ப்ளாப்பி ட்ரைவ்களைக் கழற்றித் துடைத்து ஓட வைக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். "ஏட்டி, இரும்புக் கடைக்காரனுக்கு வாக்கப்பட வேண்டியவ நீ" என்பாள் என்னோடு தங்கியிருக்கும் ஊர்க்காரி. சொல்லட்டுமே.

மண்ணூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கிறார். ப்ளாப்பியிலிருந்து டிசைனைப் படித்துத் தைக்கும் பழைய மெஷின். கல்யாண ப்ளவுஸ் கழுத்து, சர்ச் பீடத் துணிக்குத் திராட்சைக் கொடி எல்லாம் அவரே மெஷினின் சின்னத் திரையில் வரைந்து, அதே ட்ரைவில் போட்டு ப்ளாப்பிகளில் பதிந்து வைத்தவை. வேறு பிரதி கிடையாது. போன மாதம் ட்ரைவ் மக்கர் பண்ணியது. சர்வீஸ்காரர் வந்து துடைத்து, அலைன்மென்ட்டும் வைத்தார். அவருடைய டெஸ்ட் டிஸ்க்கை அது நன்றாகப் படித்தது. அக்காவின் ப்ளாப்பி ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"உன் டிஸ்க்கெல்லாம் செத்துப்போச்சுக்கா. கடாசிட்டு புது மெஷின் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா அழுதுகொண்டு வரவில்லை. கோபமாக வந்தார். மெஷினிலிருந்து கழற்றிய ட்ரைவையும் ப்ளாப்பி டப்பாவையும் என் கட்டிலில் வைத்து, "எல்லாமே ஒரே நாள்ல எப்டிமா சாவும்?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கும் சுர்ரென்று ஏறியது. மூடியைத் திறந்து பார்த்தேன். ப்ளாப்பியைப் படிக்கும் தலையை நகர்த்துகிற குட்டி மோட்டாரின் ஸ்க்ரூ புதிதாகத் திருகப்பட்டிருந்தது. அது வருஷக்கணக்கில் இருந்த இடம் மட்டும் கறுக்காமல் பளிச்சென்று பக்கத்திலேயே தெரிந்தது. மயிரிழை தள்ளி. இந்த ட்ரைவ் ஆரம்பத்திலிருந்தே கோணல். கோணலாகப் பதிந்ததைக் கோணலாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறது. மனுஷன் அதைத் தன் டெஸ்ட் டிஸ்க்குக்குத் தக்கபடி நேராக்கிவிட்டார். தான் எழுதியதையே படிக்க முடியாமல் போய்விட்டது அதற்கு.

ஸ்க்ரூவைத் தளர்த்தி மோட்டாரைப் பழைய தடத்துக்கே தள்ளினேன். மண்ணூருக்குப் போய் மாட்டினோம். முதல் ப்ளாப்பியைப் போட்டதும் கரகரவென்று சத்தம், பிறகு திரையில் திராட்சைக் கொடி. அக்கா என் கன்னத்தைக் கிள்ளிய கிள்ளு சாயங்காலம் வரை வலித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

புது மெஷின் விளம்பரத் தாளோடு சர்வீஸ்காரர் மறுபடி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தன் டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். படிக்கவில்லை.

"பாத்தியாக்கா, அலைன்மென்ட் தப்பா கீது. யாரு இதுல கை வெச்சது?"

"நான்தான். தப்பாவே இருக்கட்டும்" என்றேன்.

அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அக்கா எழுந்து வந்து மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உன் டிஸ்க்க படிக்கலன்னா எனக்கு இன்னா தம்பி? அதுல என் கொடி கீதா?"