எண்ணூருக்கு வந்த செங்கடல் பறவை

பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் எனக்கு வேலை. சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பது அலுப்பாக இருந்ததால் பறவை பார்க்க ஆரம்பித்தேன். பழைய கேமரா ஒன்றும் கைக்கு வந்தது. என் மனைவி ராயபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். பறவைகள்மேல் அவளுக்கு ஒரு மயக்கமும் கிடையாது. "எங்க வூட்ல மீனு துன்ன வர்றத தொர்த்திகினு இருந்தோம். நீ லீவு போட்டுப் போயி பாக்குற," என்பாள்.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். அவள் நண்டு வாங்க, நான் மணல்திட்டில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்களைப் பார்க்க. குளிர்காலத்தில் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். எல்லாம் வெள்ளை உடம்பும் சாம்பல் இறக்கையுமாக இருக்கும். அன்று நடுவில் ஒன்று மட்டும் கறுத்த பழுப்பாக நின்றது.

"கரி மேல வுழுந்து எய்ந்து வந்துகீது," என்றாள்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அனல்மின் நிலையங்களால், கொடியில் துணி காயப்போட்டாலே கரித்தூள் படியும் ஊர் அது. ஆனால் பறவை தலையைத் திருப்பியபோது பின்கழுத்தில் வெள்ளையாக ஓர் அரைவளையம் தெரிந்தது. துளி பிசிறில்லை. இருபது வருடமாக டேப் ஒட்டிக் கோடு அடிக்கிறவன் நான். தானாகப் படிந்த அழுக்குக்கு அப்படி ஓரம் வராது. அவசரமாக ஏழெட்டுப் படம் எடுப்பதற்குள் அது பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அதன் ஆங்கிலப் பெயருக்கே கரிபடிந்த கடற்காகம் என்றுதான் பொருள். செங்கடல், அரபிக்கடல் ஓரத்துப் பறவை. நம் மேற்குக் கரையில் எப்போதாவது பார்க்கலாம், இந்தப் பக்கம் வருவது மிக அபூர்வம். பறவைப் பதிவுகளுக்கான இணையதளத்தில் படங்களோடு ஏற்றினேன். மாலைக்குள் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து செய்தி வந்தது. "தப்பாக நினைக்க வேண்டாம் சார். எண்ணூர் என்பதால் கேட்கிறேன். எண்ணெயோ கரியோ படிந்த சாதாரணப் பறவையாக இருக்கலாம். அலகும் காலும் தெளிவாகத் தெரிகிற படம் இருக்கிறதா?"

என் படங்களில் பாதியில் அலகு மறைந்திருந்தது. மீதி அத்தனையும் ஆடியிருந்தன. மனம் சுருங்கிப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"இன்னாது, எண்ணூர்னா அழுக்குப் பறவதான் வருமா? நாளிக்கு லீவு போடு," என்றாள். காலையில் அவளும் அதையேதான் சொன்னாள் என்பதை நான் நினைவூட்டவில்லை.

மறுநாள் காலை, எங்களுக்கு வழக்கமாக நண்டு தரும் மீனவரைப் போய்ப் பார்த்தோம். போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இத்தா? பத்து நாளா இங்கதான் சுத்திகினு கீது அண்ணாத்த. பேஜாரு புட்ச்சது. மத்தது வாயில கீறத புடுங்கித் துன்னும்."

"பத்து நாளாவா? யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டாங்க?"

அவருடைய ஃபைபர் படகிலேயே மணல்திட்டுக்குக் கூட்டிப்போனார். கூட்டத்தில் அந்தப் பறவையும் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு முட்டிபோட்டு நகர்ந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அது இரண்டு அடி தள்ளிப்போனது. மனைவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து, மீன் குடலை அள்ளித் தண்ணீர் ஓரமாக வீசினாள். வெள்ளைப் பறவைகள் கூச்சலோடு பாய்ந்தன. நம்ம ஆள் கடைசியாக வந்து, ஒன்றின் வாயிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு என் எதிரே பத்தடியில் இறங்கியது.

அலகு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. நுனிக்குச் சற்று முன்னால் கறுப்புப் பட்டை, நுனியில் சிவப்பு. கால் மங்கிய மஞ்சள். இந்த நிறங்களை ஒரே பெட்டிக்கு அடிக்கச் சொன்னால் எங்கள் பிரிவில் சண்டை வரும். அந்த அலகில் பொருத்தமாகத்தான் இருந்தது.

"சோக்கா கீதே," என்றாள் மனைவி, கையைக் கடலில் கழுவிக்கொண்டே.

படகிலிருந்தே படங்களை அனுப்பினேன். கரை சேர்ந்து டீ குடிக்கும்போது பதில் வந்தது. "சந்தேகமே இல்லை, வாழ்த்துகள். முதலில் பார்த்தவர் யார், எப்போது என்று குறிப்பில் சேர்த்துவிடுங்கள்." என் பெயர் அந்த இடத்தில் வரும் என்று ஆசைப்பட்டிருந்தேன், மறைப்பானேன். ஆனால் பத்து நாள் பத்து நாள்தான். மீனவரிடம் பெயர் கேட்டேன்.

"எம்பேரு எதுக்கு, கேஸு கீஸு ஆவுமா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொன்னார். நான் பதிவிட்டதைத் தன் போனில் வாங்கி, வீட்டு குரூப்பில் போட்டார்.

அடுத்த ஞாயிறு நீளநீளமான லென்ஸுகளோடு பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர் தவணை தவணையாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். மனைவி மீன் குடல் பையோடு முன்னால் நின்று, யார் எங்கே குந்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் மரியாதையோடு, "எத்தனை வருஷமா மேடம் பறவை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"திங்கக்கெயமைலேர்ந்து," என்றாள்.

மாசி பிறந்து சில நாள் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது மீனவர் போன் செய்தார். "மூணு நாளா அத்த காணோம் அண்ணாத்த. கிளம்பிட்ச்சி போல. எய்திக்க." பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.