சாக்பீஸால் மூடிய ஃபேக்டரி

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு டீ ஃபேக்டரியை மூடிவிட்டேன். அதுவும் ஒரு துண்டு சாக்பீஸால்!

எங்கள் மலையூர் கட்டபெட்டில் என் ஸ்டேஷனரி கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் நாலு விஷயம் எழுதுவேன் - ரேடியோவில் கேட்ட செய்தி, வரலாற்றில் இன்று, ஒரு சொல், கடைசியில் வானம். அன்றைய சொல் 'இணுக்கு', அதாவது சிறு இலைக்கொத்து. வானத்தில் வியாழன் தெரியும் என்று போட்டேன். நம் ஊர் மேகமூட்டத்தில் எதிர்க்கடையே தெரியாது... அது வேறு விஷயம்.

வரலாற்றுக்கு, கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்தில் அந்தக் காலத்தில் மூடிய தேயிலை ஃபேக்டரி ஒன்று கிடைத்தது. எழுதினேன். கூரைத் தண்ணீர் சொட்டிப் பலகையின் இடது ஓரம் அழிந்துபோனதை நான் கவனிக்கவில்லை. தலைப்பு போச்சு. தேசத்தின் பெயரும் போச்சு. மிச்சம் நின்றது இவ்வளவுதான்: 'தேயிலை ஃபேக்டரி மூடப்பட்டது.'

இலை விலை அதலபாதாளத்தில் கிடக்கும் இந்த நேரத்தில் இதை எவன் சந்தேகப்படுவான்?

நாலு மணிக்கு இலை எடுக்கும் லாரி வந்தது. டிரைவர் அக்பர் பாய் பலகையைப் படித்துவிட்டு நேரே உள்ளே வந்தார்.

"ஏனுங்க, ஃபேக்டரிய மூடிட்டாங்களாமா? நான் இப்பத்தான் அங்கிருந்து வர்றேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் ஓரம் அழிந்தது தெரிந்தது.

லாரியைப் பார்த்ததும், இலையோடு வந்திருந்த மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மூட்டைகளை ஏற்றினார்கள். மணியக்காவை மட்டும் காணோம். மேட்டில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒண்டி ஆள். மதியம் தலையில் மூட்டையோடு பலகை முன்னால் நின்றார், அப்படியே திரும்பிப் போனார். நானும் பார்த்தேன். எதையோ மறந்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்! மூட்டைக்குள்ளேயே கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துபோகும். அப்புறம் எந்த ஃபேக்டரியும் வாங்காது.

"பாய், ஒரு பத்து நிமிஷம்!"

"மெதுவாப் போயிட்டு வாங்க. ஃபேக்டரியத்தான் மூடிட்டீங்களே, எனக்கென்ன அவசரம்?"

இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மேடு ஏறினேன். இலையை எருக்குழியில் கொட்டியிருந்தால்? விடிந்ததிலிருந்து மழையில் நனைந்து கிள்ளியதாயிற்றே... எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பது?

கதவு திறந்தே இருந்தது. வாசற்படியிலிருந்து அடுப்பங்கரை வரை தரை முழுக்க இலை. ஓரமாகக் கட்டிலில் அக்கா நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"அக்கா! ஃபேக்டரிய மூடலீங்க! அது வேற தேசம், பழைய கதை!"

அக்கா திடுக்கிட்டு எழுந்தார். "கொட்டறதுக்கு மனசு வரலீங்க. அதான் ஊடு பூராப் பரப்பி வெச்சேன்."

ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். பச்சை அப்படியே இருந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. இருவருமாக வாரி மூட்டை கட்டி, இறக்கிக் கொண்டுவந்து லாரியில் ஏற்றிவிட்டோம். பாய் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மூச்சு சீரானதும் எனக்குக் கோபம் வந்தது. விலை ஏறியது என்று எழுதியிருந்தால், நிஜமா நிஜமா என்று பத்துப் பேர் கடைக்குள் வந்து குடைந்திருப்பார்கள். கெட்ட சேதிக்கு மட்டும் யாரும் சாட்சி கேட்பதில்லை.

"ஏனக்கா, உள்ள வந்து என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அக்கா தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு இலை கிள்ள வேண்டாம்னு ஆனதும் உடம்பே லேசாயிருச்சுங்க. பகல்ல தூங்கி எத்தனை வருசமாச்சு தெரியுங்களா? கேட்டா, அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லிப்போடுவீங்கன்னுதானுங்க கேக்கலை."