ஏரிக்குச் சிவப்பு, கடலுக்குப் பச்சை

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லூர்துசெல்வி ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றுவிடுவாள். காலடியில் கலங்கிய சேறு அடங்கும்வரை அசைய மாட்டாள். பிறகு குப்பியின் மூடியை இரண்டே விரலால் எடுத்து, வாய் கீழே பார்க்கப் பிடித்து, முழங்கை நனையும்வரை உள்ளே விட்டு, அங்கே வைத்துத்தான் திருப்புவாள். பக்கத்தில் யாராவது சோப்புப் போட்டுக்கொண்டிருந்தால், "யோவ், கொஞ்சம் நில்லுய்யா. நீ குளிக்கிற தண்ணிதான் எனக்கு வோணும், உன் நொரை வோணாம்" என்று அதட்டுவாள். அதட்டு வாங்கிய ஆள் கையில் சோப்போடு அப்படியே நிற்பான்.

திண்டிவனத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. 1993இல் குப்பி கழுவச் சேர்ந்தவள், பத்தொன்பது வருடத்தில் தண்ணீர் எடுத்துவரும் ஆளாக உயர்ந்திருக்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். பையில் தன் பாட்டில் இருக்கும். கொடுத்த தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "வோணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று திருப்பித் தருவதால் இரண்டு சம்பந்திகள் அவளோடு பேசுவதில்லை.

போன வருடம் குளிக்கும் இடங்களுக்கெல்லாம் தரம் போட்டுப் பலகை வைக்கும் வேலை கூடத்துக்கு வந்தது. பச்சை என்றால் தாராளமாகக் குளிக்கலாம். மஞ்சள் என்றால் தலை முழுகக் கூடாது. சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. அன்றிலிருந்து லூர்துசெல்விக்கு உலகமே மூன்று நிறமாகிவிட்டது. கல்யாண வீட்டு ரசத்துக்கு மஞ்சள். பூசையில் பிரசங்கம் கால் மணி நேரத்தில் முடிந்தால் சாமியாருக்குப் பச்சை. வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால், "மனுசன் மஞ்சள்தான். ஞாயித்துக்கெழமையில மட்டும் செவப்பு" என்பாள்.

ஆனால் ரிஸ்வானாவுக்கு என்ன நிறம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே முகம் சொல்லிவிடும்.

ரிஸ்வானா கோட்டக்குப்பத்துப் பெண். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒன்றரை வருடம் முன்பு வேலைக்கு வந்தவள். கடற்கரை அவள் பொறுப்பு. வியாழக்கிழமைதோறும் எடுத்து வருவாள். ஏரிகள் லூர்துசெல்வியின் பொறுப்பு, திங்கட்கிழமை. அண்ணன் யாஹ்யா துபாயிலிருந்து வாங்கி வந்த நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று ரிஸ்வானாவிடம் உண்டு. அதற்குச் சக்கரம் உண்டு, அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாயும் உண்டு. அவள் அதைக் கூடத்துக்குள் உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே லூர்துசெல்விக்கு அடிவயிறு எரியும். இவளுடையது வார்ப்பட்டை அறுந்துபோய்க் கயிறு கட்டிய பழைய தெர்மாகோல் பெட்டி.

பெட்டி போகட்டும். கடலுக்கு மாதாமாதம் பச்சை வந்துகொண்டிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இவள் தண்ணீர் எடுத்துவரும் ஏரிகளில் ஒன்று வல்லம் பக்கம் இவள் பிறந்த ஊர் ஏரி. நீச்சல் பழகியதே அதில்தான். மற்ற ஏரிகளோடு அதற்கும் ஒன்பது மாதமாகச் சிவப்பு. பொங்கலன்று மதகிலிருந்து எதிர்க்கரைக்கு நீந்தும் பந்தயத்தை ஊரார் அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். "நம்மூட்டுப் பொண்ணே நம்ம ஏரிக்குச் செவப்பு அடிச்சிட்டா பாரு" என்று உறவுக்காரர்கள் ஜாடையாகப் பேசினார்கள். லூர்துசெல்வி எருமைகள்தான் காரணம் என்று முடிவுகட்டி, படித்துறையில் எருமை கழுவும் பெரியதம்பியோடு சண்டைக்குப் போனாள். "எருமைய ஓட்டிக்கினு அந்தாண்ட போ. உன்னாலதான் ஏரி நாறுது" என்று நாலு பேர் முன்னால் கத்தினாள். அந்த மனிதர் மறுநாளிலிருந்து மாடுகளை இரண்டு மைல் நடத்தி வேறு குட்டைக்குக் கொண்டுபோனார். அடுத்த மாதமும் சிவப்புதான் வந்தது.

அவளுக்குத் தூக்கம் கெட்டது. தினமும் இத்தனை ஜனம் குளிக்கிற கடல், மீன் கழுவுகிற கடல், அதற்கு எப்படி எப்போதும் பச்சை? அந்தப் பெண் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, விடிந்ததும் விடியாததுமாக எடுத்து வருகிறாள் என்று லூர்துசெல்வி தீர்மானித்துவிட்டாள். ஜனம் குளிக்கும் இடத்தில், குளிக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டாள். தன் பெட்டியில் ஒரு குப்பியும் ஐஸும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரிஸ்வானா எடுக்கும் அதே நாளில், சரியான இடத்தில், சரியான நேரத்தில் தானும் ஒரு குப்பி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவது என்று திட்டம்.

மணலில் அவளைப் பார்த்ததும் ரிஸ்வானா ஓடிவந்தாள். "அக்கா! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா கடல் பாக்க வந்தேன் பாப்பா."

கடல் பார்க்க ஐஸ் பெட்டியோடு யார் வருவார்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. "கரண்டு பேஜாரு பண்ணிடுச்சுக்கா. ராவெல்லாம் இல்ல. ஃபிரிட்ஜுல ஐஸே கட்டல. நல்லவேளை, நீங்க பொட்டியோட வந்தீங்க. என் குப்பியையும் இதுல வெச்சுக்கட்டுமா?"

மணி பத்து. புதுச்சேரிக்கு வந்த சுற்றுலா ஜனம் கும்பலாகக் குளித்துக்கொண்டிருந்தது. ரிஸ்வானா நேரே அந்தக் கும்பலுக்குள்தான் நடந்தாள். இடுப்பளவில் நின்றாள். மணல் அடங்கக் காத்திருந்தாள். இரண்டு விரலால் மூடியை எடுத்தாள், குப்பியைக் கவிழ்த்தாள், முழங்கை நனைய உள்ளே விட்டுத் திருப்பினாள். லூர்துசெல்வி கரையில் நின்று ஒரு பிழை, ஒரே ஒரு பிழை தேடினாள். கிடைக்கவில்லை. தன்னைவிட அழகாகச் செய்கிறாள் என்பது வேறு தெரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடற்காற்றில் மண் விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்ததற்குத் தானும் இறங்கி ஒரு குப்பி எடுத்தாள். இரண்டையும் தன் பெட்டியில் படுக்கவைத்து, கழுத்துவரை ஐஸை அள்ளி மூடினாள். "ஐஸ் வெக்கறதுன்னா இப்பிடி வெக்கணும் பாப்பா. சும்மா ஓரமா நாலு கட்டி போட்டாப் பத்தாது" என்று பாடமும் எடுத்தாள். கற்றுத்தர அன்றைக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை முடிவு வந்தது. கடலுக்குச் சிவப்பு. கிருமி பட்டால் நிறம் மாறும் ஊதாக் கரைசல் சோதனைக் குழாய்களில் வரிசையாக மஞ்சளாகியிருந்தது. உள்ளே கவிழ்த்துவைத்த குட்டிக் குழாய்களிலெல்லாம் காற்றுக் குமிழி. ரிஸ்வானாவின் குப்பியும் அப்படி, இவள் குப்பியும் அப்படி. லூர்துசெல்விக்கு உள்ளுக்குள் தேர்த் திருவிழா. அன்று மதியம் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கூடத்துப் பொறுப்பாளர் சுப்பராயலு ரிஸ்வானாவைக் கூப்பிட்டார். "ரெண்டு குப்பியும் ஒரே மாதிரி வந்திருக்கு, இனிமே சந்தேகமில்ல. அப்ப இத்தினி நாளா எங்கேர்ந்து எடுத்தாந்தீங்க? திங்கக்கெழமை பெயிண்டரை அனுப்பறேன். பலகைக்குச் செவப்பு அடிக்கட்டும்."

"எப்பவும் எடுக்கற எடம்தான் சார். அன்னிக்கி அக்காவே பக்கத்துல இருந்தாங்க. அவங்களக் கேளுங்க" என்றாள் ரிஸ்வானா.

சுப்பராயலு திரும்பினார். லூர்துசெல்வி எதிர்பார்த்து ஏங்கிய நிமிஷம் அதுதான். ஒரு சின்ன இழுவை போதும், "இல்ல சார், வந்து..." என்று இழுத்தாலே போதும். ஆனால் தண்ணீர் எடுக்கும் விஷயத்தில் அவள் நாக்குக்குப் பொய் பழக்கமில்லை.

"சரியாத்தான் எடுத்தா சார்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

சரியாக எடுத்த தண்ணீர் எப்படிக் கெட்டது? அந்தக் கேள்வி சாயங்காலம் குப்பிகளைக் கழுவ எடுத்தபோதும் விடவில்லை. ரிஸ்வானாவின் குப்பிக் கழுத்தில் கட்டிய நூலில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. கடல்தானே என்று தட்டிவிடப் போனாள். பக்கத்தில் திங்கட்கிழமை வந்த ஏரிக் குப்பி. அதன் நூலிலும் ஒரு செதில். நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மத்தி வாங்கி உரசுகிறவளுக்கு அது எந்தச் செதில் என்று சொல்லித்தர வேண்டாம். வல்லம் ஏரியில் மத்தி ஏது?

பத்து மாதம் முன்பு வழக்கமான ஐஸ் கடை மூடிவிட்டது. அதிலிருந்து பஸ் ஸ்டாண்டு அருகே மீன் விற்கும் சவுரியம்மாள், ஒரே பங்குக் கோயில்காரி என்கிற உரிமையில், மீன் கிடந்த பெட்டியிலிருந்தே ஐஸை அள்ளிக் கொடுப்பாள். அது வழியெல்லாம் உருகி, படுத்துக் கிடந்த குப்பிகளின் மூடி இடுக்கில் இறங்கியிருக்கிறது. விதியில் குப்பி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நன்றாகக் குளிரட்டும் என்று படுக்கவைத்தவள் இவள்தான். பாதுகாப்பென்று நினைத்து மேலும் மேலும் அள்ளிப் போட்டவளும் இவள்தான். பொங்கல் பந்தயம் நினைவுக்கு வந்தது. இரண்டு மைல் நடக்கும் பெரியதம்பியின் எருமைகள் நினைவுக்கு வந்தன.

யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் கடலும் சிவப்பு, ஏரியும் சிவப்பு. சக்கரம் வைத்த பெட்டியும் கயிறு கட்டிய பெட்டியும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை பெயிண்டர் சிவப்பு டப்பாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். லூர்துசெல்வி ஏரிக்குப் போகாமல் நேரே சுப்பராயலுவின் அறைக்குள் வந்தாள். ரிஸ்வானா மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பெயிண்டரை நிறுத்துங்க சார். மொதல்ல இத்தப் போட்டுப் பாருங்க" என்று ஒரு குப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"இது எந்த ஏரி?"

"ஏரியுமில்ல கடலுமில்ல சார். என் பொட்டியில உருகின ஐஸு. மீன் கடை ஐஸு. ஒம்போது மாசமா இதான் செவப்பு அடிச்சிக்கினு இருக்குது. ஏரிங்களையும் மறுபடி எடுக்கணும், கடலையும் மறுபடி எடுக்கணும். பெரியதம்பியாண்ட நான் போயி பேசிக்கிறேன்."

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். ரிஸ்வானாதான் மெல்லச் சொன்னாள்: "வுடுங்கக்கா. இனிமே எங்க ஊட்டுலேர்ந்து உங்களுக்கும் சேர்த்து ஐஸ் கொண்டாறேன். என் பொட்டியவே எடுத்துக்கினு போங்க."

அந்தக் கனிவு லூர்துசெல்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. குப்பியின் சீட்டில் 'எடுத்தவர்: ம. லூர்துசெல்வி' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அது சுப்பராயலுவைப் பார்த்தபடி இருந்தது. இதற்கும் பொறுப்பு தான்தான் என்பதுபோல் ஒற்றை விரலால் குப்பியைத் திருப்பி, அந்தப் பெயரை ரிஸ்வானா பார்க்கும்படி வைத்தாள்.